மதினியின் வளைகாப்புக்கு வந்த ஜீப்பு

முந்தின வருஷம் ஆவணி மாதம் இது நடந்தது. போடிநாயக்கனூர் பக்கம் சிலமலை எங்கள் ஊர். கொரோனாவுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால், மாடி அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் கைகொடுக்க ஒரு பேட்டரி என்று சௌகரியமாக உட்கார்ந்துவிட்டேன்.

நான் பார்ப்பது மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் டாக்டர்கள் எழுதிவைக்கும் நோயாளிக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். எனக்கு ஒதுக்கியது பிரசவப் பிரிவு. அதிலும் நஞ்சுக்கொடிக் கோளாறு என்றால் அது என் தலையில்தான் விழும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா, ஓரத்தைத் தொடுகிறதா, வாயையே மூடியிருக்கிறதா, ரத்தம் போகிறதா இல்லையா, கர்ப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்யாணம் ஆகாத பயலுக்கு எதற்கு இந்த வித்தை என்று எனக்கே சிரிப்பு வரும்.

வீட்டில் யாருக்கும் இந்த விவரம் தெரியாது. "கம்ப்யூட்டர்ல என்னமோ நம்பர் போடுறான்" என்பதுதான் அம்மா ஊருக்குச் சொல்லும் பதில். நானும் விளக்கப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு விளக்குவது?

எங்கள் தொழிலில் சேர்ந்த அன்றே சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு. டாக்டர் எழுதாததை நீ எழுதாதே. ஸ்கேன் முடிவைப் பார்த்ததும் இன்ன நோய் என்று உனக்குப் பளிச்சென்று தெரியலாம். ஆனாலும் டாக்டர் அதைத் தன் கையால் எழுதாதவரை நீ வாயைத் திறக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அவருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம், அவ்வளவுதான். இப்படியே இருந்து இருந்து நான் வீட்டிலும் அந்த மாதிரி ஆகிவிட்டேன். கேட்டால் பதில், கேட்காவிட்டால் சோறு.

அண்ணன் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். மதினிக்குப் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், மலைமேல். அவருடைய அப்பாவுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் இருக்கிறது. மதினி பேசும்போது நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். எது கைதவறி விழுந்தாலும் "சாரமில்ல" என்பார், பரவாயில்லை என்று அர்த்தம். நான் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "கொழுந்தனாரே, ஒங்களுக்குப் பொண்ணு கெடைக்காததுகூட சாரமில்லதான்" என்று திருப்பிக் கொடுப்பார்.

கல்யாணமாகி ரொம்பக் காலம் காத்திருந்து அவர் உண்டானார். ஐந்தாம் மாதத்து ஸ்கேனில், "நஞ்சு கொஞ்சம் கீழ இருக்கு, போகப் போக ஏறிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது உண்மைதான், பெரும்பாலும் ஏறிவிடும். அதனால் நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் மறந்தே போனார்கள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். வளையல் போட்ட கையோடு மலையிலிருந்து வரும் ஜீப்பில் மதினியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான்.

வளைகாப்புக்கு முதல் நாள் மத்தியானம். தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கி வந்தேன். அடுப்படிக்குள் அம்மாவும் மதினியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"போன வாரம் லேசா ரத்தம் பட்டுச்சு அத்தை. இன்னிக்கிக் காலையிலயும் பட்டிருக்கு."

"வலிக்குதா ஆத்தா?"

"இல்ல அத்தை. துளிகூட வலி இல்ல."

"வலி இல்லேன்னா ஒண்ணுமில்ல. சூடா இருக்கும். வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி. நாளைக்கி விசேசத்த வச்சுக்கிட்டு டாக்டர்ட்டப் போனா, படுத்துரு எந்திரிக்காதேம்பாக. ஒங்க அம்மா வீட்டுல போயி நல்லா ரெஸ்ட்டு எடுத்துக்க."

தண்ணீர் குடிக்காமலே மாடிக்குத் திரும்பினேன். வலி இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. கர்ப்பப்பை வாயை நஞ்சுக்கொடி மூடியிருந்தால், ரத்தம் அப்படித்தான் வரும். வலிக்காது, முதலில் கொஞ்சமாக வந்து நின்றுவிடும், 'சரியாகிவிட்டது' என்று நம்பவைக்கும். பிறகு ஒருநாள் திடீரென்று கொட்டும். இதை நான் எந்த டாக்டரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. எத்தனையோ பெண்களின் குறிப்புகளை ஒன்றன் பின் ஒன்றாகப் படித்ததில் தெரிந்தது. அந்தக் குறிப்புகளில் அடுத்தடுத்து என்னென்ன எண் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ரத்தம் ஏற்றியது, கர்ப்பப்பையை எடுத்தது என்று அது போகும். பிரசவக் குறிப்பு எதுவானாலும், பிள்ளை உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதற்கு ஓர் எண் போட்டே ஆக வேண்டும்.

மறுநாள் மதினி ஏறப்போகும் ஜீப்பை நினைத்தேன். கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு மேல் தோட்டத்துக்குப் போகும் கல்பாதை. அந்தக் கல்பாதையில் எனக்கே குடல் வாய்க்கு வந்துவிடும். ஏதாவது ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதற்குள் என்ன மிஞ்சும்?

ஆனால் நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேள் என்பதும் எங்கள் பாடம்தானே. எழுந்து கீழே போய் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அம்மா, மதினிய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அஞ்சாம் மாசம் நஞ்சு கீழ இருக்குன்னாகல்ல, அது ஏறலையோன்னு எனக்குப் படுது."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொம்பளைக சோலில ஒனக்கென்னடா? போடா மேல."

"என் சோலியே பொம்பளைக சோலிதாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் போடுகிற நம்பர் எல்லாம் என்ன நம்பர் என்று, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இத்தன நாளும் இதத்தான் படிச்சிக்கிட்டிருந்தியா அப்பு?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெரசா அண்ணனுக்குப் போனப் போடு" என்றார்.

மதினியிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் ஏற்கெனவே துணிமணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். "எங்க அம்மாகிட்டப் போகணும்னு நாளை எண்ணிக்கிட்டிருந்தேன் தம்பி." கேலி பேசும்போதெல்லாம் கொழுந்தனாரே என்பவர், அன்றைக்குத் தம்பி என்றார்.

போடியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நஞ்சு ஏறவில்லை என்று தெரிந்தது. வாயை முழுசாக மூடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா மதினியை அன்று ராத்திரி அங்கேயே வைத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்ததால் காலையில் அனுப்பினார். வளையலைப் போட்டதும் படுக்கவைத்துவிட வேண்டும், மலையேறவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வர வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் தயாராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த கவலை பிடித்தது. வளையல் போட்ட பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தியிடம் யார் சொல்வது? எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. 'எங்க வீட்டுல வச்சுப் பாக்க எங்களுக்குத் துப்பில்லையா' என்று கேட்டுவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்காரவைப்பது என்று வந்த மனத்தாங்கலே அரைகுறையாகத்தான் ஆறியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மாவும் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தவன்தான் முடிக்க வேண்டும் போல.

ஜீப்பு வந்து நின்றது. சீர்த்தட்டுகளோடு சொந்தபந்தம் எல்லாம் இறங்கியது. மதினியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், மகளைப் பார்க்க உள்ளே ஓடினார். மதினியின் அப்பாவை ஜீப்பு நிழலிலேயே நிறுத்திக்கொண்டேன். அதிகம் பேசாத மனிதர். பேசினால் ஒரு சொல்லுக்கு மேல் போகாது.

"மாமா, பிள்ளை வெளிய வர்ற வழிய நஞ்சு மறிச்சு உக்காந்திருக்கு. அது கொஞ்சம் பிசகுனாலும் ரத்தம் கொட்டிரும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இந்த ரோட்டுல மேல ஏத்த வேணாம் மாமா."

அவர் மேற்கே மலையைப் பார்த்தபடி நின்றார். "ஒனக்கு எப்படித் தெரியும் மாப்ளே?" என்று கேட்டார். என் வேலையைச் சொன்னேன். இரண்டு நாளைக்குள் இரண்டாவது ஆளிடம் சொல்கிறேன், கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அந்த அமெரிக்காக்காரிக எல்லாம் பொழச்சாகளா?"

அவ்வளவு பேரைப் படித்திருக்கிறேன், எண் போட்டிருக்கிறேன், அடுத்த குறிப்பைத் திறந்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியாக அதை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருந்தவுக அநேகமா எல்லாருமே பொழச்சாக மாமா" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மதினிக்கு வளையல் போட்டார்கள், அத்தை அழுதுகொண்டே கலவைச் சாதம் ஊட்டினார். மாமா இலையில் உட்கார்ந்து பேருக்குச் சாப்பிட்டார். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு போன்கூட இல்லை. நாங்கள் கூப்பிட்டால், மேலே சிக்னல் கிடைத்தால்தானே எடுப்பார்கள்?

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எம்புட்டு வருத்தமோ அந்த மனுசனுக்கு. நீ இன்னும் கொஞ்சம் பதமாச் சொல்லிருக்கலாம்டா." மதினி சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். நல்லது செய்யப் போய் ஒரு பெண்ணின் தாய்வீட்டைப் பறித்துவிட்டோமோ என்று எனக்கு உறுத்தத் தொடங்கியது.

இரண்டொரு நாள் கழித்து, காலை வேளையில் வாசலில் ஜீப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேல் கம்பியில் கட்டில் கட்டியிருந்தது. உள்ளே பானை சட்டி, மிக்ஸி, கேஸ் அடுப்பு, பாய் தலையணை, ஒரு மூட்டை அரிசி. அத்தனைக்கும் நடுவில் அத்தை சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் ஒரு கூடைக்குள் கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. குடும்பமே லோடாக இறங்கியிருந்தது.

மாமா இறங்கி வந்து, அம்மா முன்னால் நின்றார்.

"தங்கச்சி, போடியில ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தெருவுல வீடு பிடிச்சிட்டேன். பேறுகாலம் தாய்வீட்டுலதான் நடக்கணும். பிள்ளைய அனுப்பி விடு, கூட்டிட்டுப் போறேன்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே படுத்திருந்த மதினி, "அப்பா" என்று ஒரு சத்தம் போட்டார். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

ஏலக்காய் தெரிந்தவர்களுக்குத்தான் அவர் செய்தது என்னவென்று புரியும். ஆவணியில் காய் எடுப்பு சூடுபிடிக்கிற நேரம். ஒரு சுற்று தவறினால் காய் செடியிலேயே பழுத்து வெடித்துவிடும். வருஷம் முழுக்கப் பார்த்த பாடு அந்த நேரத்தில்தான் கைக்கு வரும். அதைப் பங்காளி கையில் ஒப்படைத்துவிட்டு, ஆனது ஆகட்டும் என்று இறங்கி வந்திருந்தார். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அண்ணன் கேட்டபோதும், "காய் அடுத்த வருசமும் காய்க்கும்" என்று முடித்துவிட்டார்.

போடி வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளிரில் கிடந்த உடம்பு, பகலெல்லாம் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வெயில் தாழ்ந்ததும், வேலை முடித்துச் சிலமலையிலிருந்து வரும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். மலைக்கு ஆளும் சாமானும் ஏற்றுகிற ஜீப்பு டிரைவர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். "மாப்ளே, வெவரத்த நீ சொல்லு" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு அவர் பின்னால் நிற்பார். அம்மாவிடம் சொல்லவே கூசிய விஷயத்தை டீக்கடை முன்னால் பத்துப் பேருக்கு நடுவில் நான் விளக்குவேன். மீசை முறுக்கிய ஆட்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். மதினியின் ரத்த வகைக்குச் சேர்கிறவர்களின் போன் நம்பரை மாமா வாங்கி வைத்துக்கொள்வார்.

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னாலேயே ஒருநாள் காலையில், பல் தேய்த்துவிட்டு வந்த மதினி அப்படியே நின்றுவிட்டாராம். காலடியில் ரத்தம். அத்தை போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணன் போன் போட்டதும் நானும் அம்மாவும் சிலமலையிலிருந்து அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, மதினியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.

மலையில் முந்தின ராத்திரி பெய்த மழையில் ரோட்டில் பாறை சரிந்து போக்குவரத்து நின்றிருந்தது. மேலே போக முடியாமல் ஜீப்புகள் எல்லாம் ஸ்டாண்டிலேயே கிடந்தன. மாமா ஒரே ஒரு ஆளுக்குத்தான் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்புகளாக வந்து நின்றன. வகை சேர்ந்தவர்கள், சேராதவர்கள் என்று கணக்குப் பார்க்காமல் எல்லோரும் வந்துவிட்டார்கள். "எங்க மலைப்புள்ள சார், எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று நர்ஸிடம் ஒரு டிரைவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நின்றார். நர்ஸம்மாவை சார் என்கிறோம் என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை.

நானும் அவர்களோடு படுத்து ரத்தம் கொடுத்தேன். குழாயில் ரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். நான் படித்து வைத்திருந்த ஒரு எண்ணும் அப்போது என் மனசில் இல்லை.

பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மதினிக்கு நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, ஆனால் கர்ப்பப்பையை எடுக்கும்படி ஆகவில்லை. கண் விழித்ததும் அவர் பிள்ளையைக் கேட்டார், பிறகு அப்பாவைக் கேட்டார். மாமா உள்ளே போனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். சுற்றி நின்ற டிரைவர்களில் ஒருவரும் அவரைத் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

இப்போதும் அதே மாடி அறையில் அதே வேலைதான். நஞ்சுக்கொடிக் குறிப்புகள் இன்றைக்கும் வருகின்றன. பெயர் எதுவும் எங்களுக்குக் காட்ட மாட்டார்கள், வயதும் நோயும் மட்டும்தான் தெரியும். முன்பெல்லாம் முடித்தவுடன் அடுத்ததைத் திறந்துவிடுவேன். இப்போது ஒரு நிமிஷம் கை நின்றுவிடுகிறது. இந்தப் பெண்ணுக்காகவும் யாராவது விளைச்சலைச் செடியிலேயே விட்டுவிட்டு மலையிறங்கி வந்திருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்ட பிறகுதான், என்னால் அடுத்ததைத் திறக்க முடிகிறது.